கரப்புக்குப் பெயர் சொல்ல ஒருவர் வேண்டும்

சில ஆண்டுகளுக்கு முன் மட்டக்களப்பு வாவிக்கரை ஊர் ஒன்றில், பாடசாலை மண்டபத்தில் நடந்த பழம்பொருட் கண்காட்சி ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். உரல், சுளகு, பன்பாய், மத்தளம் ஆகியவற்றுக்கு நடுவே, குச்சிகளால் கட்டிய, மேலும் கீழும் திறந்த கூடை ஒன்றும் இருந்தது. அதன் அருகே வைத்திருந்த அட்டையில் 'பழைய கூடை' என்று எழுதியிருந்தார்கள்.

பேரனோடு வந்திருந்த முதியவர் ஒருவர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். "கூடை இல்ல மகன், இது கரப்பு" என்றார். அதைக் கையில் எடுத்து, முழங்கால் தண்ணீரில் நடப்பதுபோல் நடந்து, சட்டென்று தரையில் குத்தி, மேல்வாய் வழியாகக் கையை விட்டு, இல்லாத மீனை எடுத்துக் காட்டினார். இரண்டு நிமிடங்களில் மண்டபத்துப் பிள்ளைகள் அனைவரும் அவரைச் சூழ்ந்துவிட்டனர்.

அட்டை எழுதியவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்குச் சொல்லிக்கொடுக்க யாரும் இருக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடாமல் தொடர்கிறது. பொருளைக் காப்பாற்றிவிட்டு அதன் பெயரையும் பயனையும் இழந்துவிட்டால், நாம் காப்பாற்றியது எதனை?

கரப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். வடமோடிக் கூத்தில் அரசனாக வருபவர் அணியும் அகன்ற உடைக்குக் 'கரப்புடுப்பு' என்று பெயர். வாவியில் மீன் பிடித்த கருவியின் பெயரே வட்டக்களரியில் ஆடும் அரசனின் உடைக்கும் வழங்குகிறது. மீன்பிடிக் கருவிகளை ஓர் அறையிலும் கூத்து உடைகளை வேறோர் அறையிலும் பூட்டி வைத்தால் இந்த உறவு யாருக்கும் தெரியப்போவதில்லை.

இன்னுமொன்று. கூத்துப் பழக்குபவரை நாம் அண்ணாவியார் என்கிறோம். முஸ்லிம்களின் களிகம்பு ஆட்டத்தைப் பழக்குபவரும் அண்ணாவியார்தான். தாய்வழி வரும் குடிமுறையும், பெண்ணுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையை அங்கே குடிவைக்கும் வழக்கமும் இரு சாராருக்கும் பொது. போடியார், முல்லைக்காரன், பொலி என்ற வயற்சொற்களுக்குச் சமயம் கிடையாது. மருதமுனைத் தறியில் முஸ்லிம் நெசவாளர் நெய்த சேலையைத் தமிழ்ப் பெண்கள் உடுத்தினர். தச்சும் கொல்லும் மட்டக்களப்புப் பறங்கியரின் கைத்தொழில்கள். அவர்கள் வீடுகளில் போர்த்துக்கேயக் கிரியோல் மொழி வழங்கியது. வாகரைப் பக்கத்துக் கரையோர வேடர் தமிழ் பேசுபவர்கள். கண்ணகி வழிபாட்டோடு வந்த கொம்புமுறி விளையாட்டு, சிங்கள மக்களிடம் பத்தினித் தெய்வத்துக்குரிய 'அங்கெலிய'வாக இருக்கிறது.

இவற்றையெல்லாம் அறிஞர்கள் எழுதாமல் இல்லை. வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' 1964இல் வந்தது. பேராசிரியர் சி. மௌனகுருவின் 'மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்' 1998இல் வந்தது. ஆனால் நூல் தப்பிய அளவுக்குப் பொருள் தப்பவில்லை. 1978 நவம்பரில் சூறாவளி வந்தது. அதன்பின் போர். 2004 டிசெம்பர் 26இல் கடல். ஒவ்வொன்றும் வீடுகளோடு வீட்டுப் பொருள்களையும் கொண்டுபோயிற்று.

காத்தான்குடியில் 2015இல் முஸ்லிம்களின் மரபுரிமைக்கென ஒரு நூதனசாலை திறக்கப்பட்டது. அது நல்ல காரியம். தமிழருக்கும் அவ்வாறு ஒன்று வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள்; அதிலும் தவறில்லை. 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதமே சத்துருக்கொண்டானில் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். இதற்குப் பின் ஒவ்வொரு சமூகமும் தன் நினைவைத் தன் கூரையின் கீழ் வைத்துக்கொள்ள விரும்புவதில் வியப்பென்ன?

ஆயினும் என் கருத்து இதுதான். நினைவைப் பிரித்து வைக்கலாம். வாவியைப் பிரித்து வைக்க முடியாது. கரப்பையும் அத்தாங்கையும் எந்தச் சமூகத்தின் அலமாரியில் வைப்பது? தனித்தனி நூதனசாலைகளோடு, வாவிக்கென்றே பொதுவான ஓர் இடமும் வேண்டும். இல்லையேல், நாம் ஒருபோதும் சேர்ந்து வாழ்ந்ததில்லை என்று அடுத்த தலைமுறை நம்பிவிடும். அந்தப் பொய்க்கு நம் நூதனசாலைகளே சான்றாகிவிடும்.

அந்த இடம் எப்படி அமைய வேண்டும் என்பதற்கு உலகில் முன்மாதிரிகள் உண்டு. பல்கேரியாவில் காப்ரொவோ நகருக்கு அருகே 'ஏதர்' என்ற திறந்தவெளி நூதனசாலை 1964இல் தொடங்கப்பட்டது. தொழிற்சாலைகளின் வரவால் கைத்தொழில்கள் மறைந்துகொண்டிருந்த ஊர் அது. லாசர் தொன்கொவ் என்பவரின் முயற்சியால், ஓடைநீர் சுழற்றும் பழைய பொறிகள் அங்கே மறுபடி இயங்கின. கைவினைஞர்கள் பார்வையாளர் முன்னிலையிலேயே வேலை செய்கிறார்கள். செய்ததை விற்கவும் செய்கிறார்கள். நமக்கு அண்மையில், சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா 1996 முதல் இயங்குகிறது. தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பெயர்த்து வந்து அங்கே மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள்.

மட்டக்களப்புக்குப் பெரிய மாளிகை வேண்டாம். வாவிக்கரையில் நான்கு கொட்டில்களும் ஒரு வட்டக்களரியும் போதும். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகமும், கல்லடியில் அதன் விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் இருக்கின்றன. ஆய்வுக்கு ஆள் தேட வேண்டியதில்லை. பாய் இழைப்பவரையும் கரப்புக் கட்டுபவரையும் அண்ணாவிமாரையும் ஆண்டுக்கொரு நாள் மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தி அனுப்புவதை விட்டுவிட்டு, மாதச் சம்பளத்தில் ஆசிரியர்களாக அமர்த்த வேண்டும். செலவு கட்டடத்துக்கன்று, இந்த மனிதர்களுக்கு ஆகவேண்டும்.

"இப்போது யார் கரப்புக் குத்துகிறார்கள்?" என்று கேட்பீர்கள். மிகச் சிலரே. அதனால்தான் அவசரம். பொருளைப் பின்னர் செய்துகொள்ளலாம். அதைக் கட்டத் தெரிந்த கை போய்விட்டால் எதைப் பார்த்துச் செய்வது?

அரசும் பல்கலைக்கழகமும் எழுந்து வரும்வரை நாம் காத்திருக்கவும் வேண்டியதில்லை. இலண்டனிலோ ரொறன்ரோவிலோ இருந்து இதைப் படிக்கும் மட்டக்களப்பு நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வாரம் ஊருக்குத் தொலைபேசி எடுக்கும்போது, அம்மாவிடமோ வாப்பாவிடமோ, வீட்டுக் கோடியில் கிடக்கும் ஒரு பழைய பொருளைப் பற்றிக் கேளுங்கள். அதன் பெயர் என்ன, யார் செய்தது, எந்தக் காலத்தில் பயன்பட்டது என்று எழுதி வையுங்கள். ஒரு பொருளுக்கு நாலு வரி போதும். 'பழைய கூடை' என்று இன்னோர் அட்டை எழுதப்படாமல் இருக்க அது உதவும்.