படகு இறங்குற இடத்துல உங்களுக்கு என்ன வேலை?

மக்களே, இந்தப் பதிவு கொஞ்சம் காரமா இருக்கும். மொக்கையை எதிர்பார்த்து வந்தவங்க அடுத்த வாரம் வாங்க.

அமெரிக்காவுல ஏரிக்கரைகள்ல படகு இறக்க கான்கிரீட்டுல சரிவா ஒரு தளம் போட்டிருப்பாங்க. பேரு போட் ரேம்ப். கார் பின்னாடி டிரெய்லர், டிரெய்லர் மேல படகு, ரிவர்ஸ்ல தண்ணி வரைக்கும் போய் இறக்கணும். அதுக்குன்னு ஒரு ஒழுங்கு இருக்கு. கட்டுறது, அவிழ்க்கிறது, சாமான் ஏத்துறது எல்லாத்தையும் தள்ளி நின்னு முடிச்சுட்டு வரணும். ரேம்ப்புல நின்னு அரட்டை அடிக்கக் கூடாது. இருட்டுல ரிவர்ஸ் எடுக்கிறவன் கண்ணுல ஹெட்லைட் அடிக்கக் கூடாது. படகு தண்ணியைத் தொட்டதும் வண்டியை நகர்த்திடணும். நம்ம துறை ஆளுங்களுக்குப் புரியுற மாதிரி சொன்னா, அது ஒரு லாக். எடுத்தா வேலையை முடிச்சுட்டு உடனே விட்டுடணும்.

ஆன்சைட் போயிட்டு வர்ற நம்மாளுங்க இதையெல்லாம் பார்த்து "என்னா டிசிப்ளின் பாஸ்!"னு உருகுவாங்க. அதே ஆளுங்க சனிக்கிழமை விடியக்காலைல ஈசிஆர் வழியா பாண்டிச்சேரிக்கு வந்து, மீனவ கிராமத்து மணல்ல காரை இறக்கி, படகு வர்ற வழியிலயே நிறுத்துவாங்க. சேதராப்பட்டுல இருந்து கடற்கரை அரை மணி நேர பைக் பயணம்தான். அதனால இந்தக் கூத்தை வாராவாரம் பார்க்கிற பாக்கியம் எனக்கு இருக்கு.

விஷயம் ரொம்ப சிம்பிள். நம்ம ஊர்ல ரேம்ப் இல்லாம இல்லை, அந்த மணல்தான் ரேம்ப். கான்கிரீட் இல்லை, போர்டு இல்லை, கோடு போடலை. அதனால நம்ம படிச்ச கண்ணுக்குத் தெரியலை.

அங்கே வேலை எப்படி நடக்குதுன்னு ஒரு நாள் தள்ளி நின்னு பாருங்க. இருட்டோட கடலுக்குப் போன ஃபைபர் போட்டுங்க பொழுது விடிஞ்சு ஒண்ணொண்ணா திரும்பும். அலை உடையுற இடத்துக்கு வெளியில கொஞ்சம் நிக்கும். ஓட்டுறவர் அலையைப் பார்த்துக்கிட்டே இருப்பார். பெரிய அலைங்க போய் ஒரு இடைவெளி கிடைச்சதும் ஒரே மூச்சுல கரைக்கு விடுவார். தரை தட்டுறதுக்கு முன்னாடி இன்ஜினைத் தூக்கிடணும், இல்லைன்னா காத்தாடி மணல்ல அடிபடும். தூக்கின பிறகு? படகு அலையோட கையில. அதுக்கு பிரேக் கிடையாது, ஹாரன் கிடையாது. வலையும் மீனுமா கனத்துக் கிடக்கிற படகு நேரா மேல ஏறும். அந்த நேரத்துலதான் நம்ம ஆள் முட்டளவு தண்ணியில கடலுக்கு முதுகைக் காட்டி நின்னு, சூரியனை உள்ளங்கையில ஏந்துற மாதிரி போட்டோ எடுத்துக்கிட்டு இருப்பார்.

படகிலிருந்து "ஏய்... தள்ளு தள்ளு!"னு சத்தம் வரும். உடனே நம்மாளுக்கு ரோஷம். "டீசன்ட்டா பேசத் தெரியாதா?" ஐயா, அவர் கையில இருக்கிறது ரெண்டு செகண்டு. அதுல "மன்னிக்கணும் சார், தயவுசெய்து கொஞ்சம் ஒதுங்குறீங்களா?"ன்னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள உங்க முழங்கால் போயிடும். அந்த அதட்டல்தான் அங்கே மரியாதை.

இதுல வழக்கமா வர்ற மூணு வாதங்களுக்கும் பதில் சொல்லிடறேன்.

ஒண்ணு: "பீச் எல்லாருக்கும் பொது." சரி, பஸ் ஸ்டாண்டும் பொதுதான். அதுக்காக பஸ் வந்து நிக்கிற இடத்துல பாய் விரிச்சு பர்த்டே கேக் வெட்டுவீங்களா? பொதுன்னா எல்லாரும் வரலாம்னு அர்த்தம். அங்கே நடக்கிற வேலையை எல்லாரும் கெடுக்கலாம்னு அர்த்தம் இல்லை. மத்திய அரசோட 2011 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையே மீன் காயவைக்கிற இடம், வலை சரிபண்ற இடம், ஏலக்கூடம் எல்லாத்தையும் கரையில அனுமதிச்சது. செல்ஃபி பாயின்ட்டுக்கு அதுல தனி இடம் இருக்கிறதா எனக்குத் தெரியலை.

ரெண்டு: "அவங்களே குப்பை போடுறாங்க." கிழிஞ்ச வலையும் தெர்மாகோலும் கரையில கிடக்கிறது உண்மை. அதை எடுக்க ஏற்பாடு வேணும், கேட்போம், நானும் சேர்ந்து கேட்கிறேன். ஆனா அதுவும் நீங்க உடைச்சுட்டுப் போற பீர் பாட்டிலும் ஒண்ணு இல்லை. படகைக் கரையேத்துறவங்க வெறுங்காலோட மணல்ல காலை ஊன்றி இழுக்கிறாங்க. பாதத்துல கண்ணாடி ஏறினா அந்த ஆளுக்கு அந்த வாரச் சம்பாத்தியம் காலி. அவருக்கு சிக் லீவு இல்லை, ஒர்க் ஃப்ரம் ஹோமும் இல்லை.

மூணு: "கரை அவ்ளோ பெருசா கிடக்குதே, தள்ளி இறக்கினா என்ன?" இங்கதான் பாண்டிச்சேரிக் கதை தெரியணும். 1980களின் பிற்பாதியில துறைமுகத்துக்காகக் கடலுக்குள்ள அலைதடுப்புச் சுவர் கட்டினாங்க. நம்ம கிழக்குக் கரையில மணல் வருஷம் பூரா கணக்குப் பார்த்தா தெற்கிலிருந்து வடக்கே நகருது. சுவர் அதைத் தடுத்துச்சு. தெற்குப் பக்கம் மணல் சேர, வடக்கே கரை அரிச்சுக்கிட்டே போச்சு. அதைத் தடுக்கக் கல்லைக் கொட்டினாங்க. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் பக்கம் போய்ப் பாருங்க. கல்லு மேல ஃபைபர் போட்டை ஏத்த முடியுமா? அரிப்பு அங்கேயும் நிக்காம வடக்கே தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடின்னு போச்சு. ஆக, மிச்சமிருக்கிற மணல் ஒவ்வொரு அடியும் ஒரு படகு நிக்கிற இடம். "தள்ளி" என்பதைக் கடல் எப்பவோ தின்னுடுச்சு. அந்த மிச்சத்துலதான் நீங்க எஸ்யுவியைப் பார்க் பண்றீங்க.

இது வெறும் மேனர்ஸ் பிரச்சினைன்னு நினைச்சா தப்பு. வேடிக்கை பார்க்க வர்றவன் முதல்ல, படகு அப்புறம்ங்கிற எண்ணம் கொஞ்ச நாள்ல அரசாங்கக் கொள்கையாவே மாறிடும். சென்னையைப் பாருங்க. 1985ல மெரினாவை அழகுபடுத்தணும்னு படகையும் வலையையும் அப்புறப்படுத்தப் போய், துப்பாக்கிச் சூடு வரைக்கும் போச்சு. மீனவர்கள் செத்தாங்க. 2023 ஏப்ரல்ல நொச்சிக்குப்பம் லூப் ரோட்டுல மீன் கடைகள் போக்குவரத்துக்கு இடைஞ்சல்னு உயர் நீதிமன்றம் தானா முன்வந்து வழக்கு எடுத்தது, மாநகராட்சி கடைகளை அகற்ற வந்தது, மீனவர்கள் ரோட்டை மறிச்சாங்க. குப்பத்துக்குள்ள போற தெரு எங்க கார் போற ரோடாச்சு, அப்புறம் குப்பமே ரோட்டுக்கு இடைஞ்சலாச்சு. 2024ல அங்கே புது மீன் அங்காடி திறந்தாங்க, நல்லது. ஆனா யார் யாருக்கு இடைஞ்சல்ங்கிற கேள்விக்கு அது பதில் இல்லை.

சரி, என்ன பண்ணணும்? பெரிய தியாகம் எதுவும் கேட்கலை.

வண்டியை தார் ரோட்டோட நிறுத்துங்க. படகு வர்றது தெரிஞ்சா ரெண்டு பக்கமும் நல்லா விலகி நில்லுங்க. விரிச்சிருக்கிற வலையை மிதிக்காதீங்க, நின்னுக்கிட்டிருக்கிற படகுல ஏறி உட்காராதீங்க. அது பெஞ்ச் இல்லை, ஒரு குடும்பத்தோட மூலதனம். இருட்டுல கடலைப் பார்த்து ஹெட்லைட் போடாதீங்க. ஆளைப் போட்டோ எடுக்கணும்னா கேட்டுட்டு எடுங்க. கொண்டுவந்த பாட்டில் உங்க பையிலயே திரும்பிப் போகட்டும்.

இத்தனையும் ஞாபகம் வெச்சுக்க முடியலைன்னா ஒரே ஒரு விதி: அந்தக் கரையில வேலை பார்க்கிறவனுக்கு வழி முதல்ல. நம்ம ஆபீசுக்குள்ள யாராவது வந்து, நம்ம கீபோர்டு மேல உட்கார்ந்து சூரிய உதயம் பார்த்தா எவ்ளோ நேரம் பொறுத்துக்குவோம்?

டிஸ்கி: "எல்லா டூரிஸ்ட்டும் அப்படி இல்லை"ன்னு பின்னூட்டம் போடக் கிளம்புறவங்களுக்கு: தெரியும் சாமி. நீங்க அப்படி இல்லைன்னா, உங்க பக்கத்துல நிக்கிறவனைக் கையைப் பிடிச்சு இழுத்து ஓரமா நிறுத்துங்க. மத்தபடி கும்மி அடிக்க வர்றவங்களும் தாராளமா வரலாம்.