ஒடிந்த துண்டு யாருக்குச் சொந்தம்?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. மாணவர்)

மின்சார வண்டி என்று பேச்செடுத்தால் நாம் அனைவரும் பேட்டரியைப் பற்றியே பேசுகிறோம். ஒரு முறை சார்ஜ் ஏற்றினால் எவ்வளவு தூரம் ஓடும்? தீப்பிடிக்குமா, பிடிக்காதா? இவை நியாயமான கேள்விகளே. 2022 மார்ச் மாதம் வேலூரில் மின்சார ஸ்கூட்டர் ஒன்று தீப்பற்றியதில் ஒரு தந்தையும் அவருடைய மகளும் உயிரிழந்தனர். அந்த ஆண்டில் அடுத்தடுத்து நடந்த தீ விபத்துகளுக்குப் பிறகு மத்திய அரசு வல்லுநர் குழு அமைத்தது. பேட்டரிச் சோதனை விதிகளைக் கடுமையாக்கியது. வரவேற்கத் தக்க செயல்தான். ஆனால் வண்டி என்பது பேட்டரி மட்டுமா? அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்று நம் பாட்டிமார் சொல்லி வைத்தது மின்சாரத் தேருக்கும் பொருந்துமன்றோ!

சக்கரத்தையும், சக்கரத்தை வண்டியோடு பிணைக்கும் உறுப்புகளையும் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். தீ எரிந்தால் ஊரே திரும்பிப் பார்க்கிறது. சக்கரம் கழன்றாலோ, ஃபோர்க் ஒடிந்தாலோ, விழுந்தவனைத் தூக்கிவிட்டு, "பார்த்துப் போகக் கூடாதா தம்பி?" என்று கேட்டுவிட்டு அவரவர் வழியே போய்விடுகிறோம். இந்தக் கேள்வியில்தான் என் வழக்கே அடங்கியிருக்கிறது.

நம் மாநிலத்திலேயே, கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில், ஓலா நிறுவனத்தின் மின்சார ஸ்கூட்டர் ஆலை இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 15 அன்று வண்டியை அறிமுகம் செய்தார்கள். டிசம்பரில் வாங்கியவர்கள் கைக்கு வந்தது. மறு ஆண்டே, முன்பக்க ஃபோர்க் ஒடிந்து சக்கரம் தனியாகவும் வண்டி தனியாகவும் கிடக்கும் படங்களை வாங்கியவர்கள் வெளியிடத் தொடங்கினார்கள். மெதுவாகப் போகும்போதே ஒடிந்தது என்றார்கள் சிலர். 2023 ஜனவரியில் ஒரு பெண்மணி இவ்வாறு விழுந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டதாக அவருடைய கணவர் எழுதியது நாளிதழ்களில் வந்தது.

அந்த வண்டியின் அமைப்பைச் சிறிது கவனிக்க வேண்டும். நம் ஊர் மோட்டார் சைக்கிள்களில் முன்சக்கரத்தை இருபுறமும் இரண்டு குழாய்கள் பிடித்துக்கொண்டிருக்கும். ஓலாவின் முதல் தலைமுறை எஸ் 1 வண்டியில் ஒரு பக்கத்துக் கை மட்டுமே. ஓலா விலைக்கு வாங்கிய எட்டெர்கோ என்ற நெதர்லாந்து நிறுவனத்தின் ஸ்கூட்டரை அடியொற்றி வந்த வண்டி அது. ஒற்றைக் கை என்பதனாலேயே அது குற்றம் ஆகிவிடாது. பழைய வெஸ்பாவும் ஒற்றைக் கையில்தான் உலகைச் சுற்றியது. ஆனால் இருவர் தூக்கும் மூட்டையை ஒருவரே தூக்கினால், அந்த ஒருவர் எத்தகையவர் என்று நன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

2023 மார்ச்சில் நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஃபோர்க்கைப் பற்றிய அச்சம் ஆதாரமற்றது, அது வழக்கமான சுமையை விடப் பன்மடங்கு தாங்கும் என்றது அறிவிப்பு. அதே மூச்சில், விரும்புகிறவர்களுக்குப் புதிய வடிவ ஃபோர்க்கை இலவசமாக மாற்றித் தருவதாகவும் சொன்னது! அந்த ஆண்டு ஆகஸ்டில் வந்த இரண்டாம் தலைமுறை எஸ் 1 புரோ வண்டியில் முன்பக்கம் இரட்டைக் குழாய் ஃபோர்க் வந்துவிட்டது. பழையது குறையற்றது என்றால் புதியது எதற்கு என்று கேட்பதற்குப் பொறியியல் படிக்க வேண்டிய அவசியம் இல்லை.

இங்கே ஒரு சொல் விளையாட்டு இருப்பதையும் கவனியுங்கள். இதே நிறுவனம் 2022 ஏப்ரலில், புனேயில் ஒரு வண்டி எரிந்த பிறகு, 1,441 வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சோதித்தது. ஃபோர்க் விஷயத்திலோ அழைக்கவில்லை. "மேம்படுத்தித் தருகிறோம், விரும்பினால் வாருங்கள்" என்றது. திரும்ப அழைத்தல் என்றால் குறை வண்டியில் என்று பொருள். மேம்பாடு என்றால் கொடுப்பவரின் பெருந்தன்மை என்று பொருள். ஒரே திருப்புளிதான், ஒரே வேலைதான்; ஆனால் முன்னதில் வாங்கியவன் உரிமையோடு நிற்கிறான், பின்னதில் கைகட்டி நிற்கிறான்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 2019இல் திருத்தப்பட்டது. 2021 ஏப்ரல் 1 முதல், ஏழு ஆண்டுகளுக்கு உட்பட்ட வண்டிகளில் பாதுகாப்புக் குறை தெரிந்தால் திரும்ப அழைக்கும்படி அரசு ஆணையிடலாம். 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆனால் அதற்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் உரிமையாளர்கள் முறையாகப் புகாரைப் பதிவு செய்திருக்க வேண்டும். செஞ்சியில் ஒருவரும் பண்ருட்டியில் ஒருவரும் தனித்தனியே விழுந்து, தனித்தனியே கட்டுப்போட்டுக்கொண்டு, தனித்தனியே கம்பெனியைத் திட்டினால் கணக்கு ஏறாது.

இது ஸ்கூட்டருக்கு மட்டும் வந்த வியாதி என்று எண்ண வேண்டா. டெஸ்லா என்ற அமெரிக்கக் கார் நிறுவனத்தை அறியாதார் இல்லை. சஸ்பென்ஷன் இணைப்புகள் முறியக்கூடும் என்று 2020 அக்டோபரில் சீன அரசின் தலையீட்டால் ஏறத்தாழ 30,000 கார்களை அது அங்கே திரும்ப அழைக்க நேர்ந்தது. ஆனால் அமெரிக்க அதிகாரிகளுக்கு எழுதிய கடிதத்தில் அந்நிறுவனம் சொன்னது என்ன தெரியுமா? குறை காரில் இல்லை, சீனர்கள் ஓட்டும் முறையில் இருக்கிறது என்றது! 2023 டிசம்பரில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம், டெஸ்லாவின் உள் ஆவணங்களைக் கொண்டு விரிவான கட்டுரை வெளியிட்டது. அடிக்கடி பழுதாகும் உறுப்புகள் எவை என்று நிறுவனத்துக்கு நெடுநாளாகத் தெரிந்திருந்தும், வாடிக்கையாளரிடம் "நீங்கள் முரட்டுத்தனமாக ஓட்டினீர்கள்" என்றே சொல்லப்பட்டு வந்தது என்பது அதன் சாரம்.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். டொயோட்டா 2022இல் தன் முதல் பெரிய மின்சாரக் காரான பிஇசட்4எக்ஸ் காரை விற்கத் தொடங்கிய சில வாரங்களில், சக்கரத்தைப் பிடிக்கும் போல்ட்டுகள் தளர்ந்து சக்கரமே கழலலாம் என்று கண்டது. மொத்தம் சுமார் 2,700 கார்கள்தாம். "ஓட்டாதீர்கள், நிறுத்தி வையுங்கள்" என்று சொல்லி, விற்பனையையும் நிறுத்தியது. அமெரிக்காவில் காரைத் திருப்பி வாங்கிக்கொள்ளவும் முன்வந்தது. அக்டோபரில்தான் மறுபடி விற்பனை. அவர்கள் தர்மவான்கள் என்று நான் சொல்லவரவில்லை. செய்ய முடியும் என்பதற்குச் சான்று காட்டுகிறேன், அவ்வளவே.

"நம் சாலை அப்படி, வண்டி என்ன செய்யும்?" என்று என் வகுப்பு நண்பர்களே கேட்கிறார்கள். சாலை அப்படித்தான். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. அதன் பின்னர் நம் மாவட்டத்துக் கிராமச் சாலைகள் இருந்த கோலத்தை மறக்க முடியுமா? ஆனால் இந்த வண்டியை விற்றது எந்த ஊருக்கு? திண்டிவனத்தில் கடை திறந்து, மாலை போட்டு, தவணைக்குக் கையெழுத்து வாங்கியபோது இந்தச் சாலை இருந்ததா, இல்லையா? பள்ளம் நமக்குப் புதிய செய்தியன்று. வண்டி செய்தவருக்கும் புதிய செய்தியாக இருந்திருக்கக் கூடாது.

இனி, நான் படிக்கும் இயற்பியலுக்கு வருகிறேன். கட்டட வேலையில் கட்டுக்கம்பியை எப்படி அறுக்கிறார்கள்? கத்தரிக்கோல் தேடுவதில்லை, முன்னும் பின்னும் நாலு முறை வளைக்கிறார்கள், அறுந்துவிடுகிறது. ஒரே இழுப்பில் அறாத கம்பி, சிறு சிறு வளைவில் அறுகிறது. இதற்கு உலோகச் சோர்வு என்று பெயர். 1842இல் பிரான்சில் வெர்சாய் அருகே ரயில் எஞ்சினின் அச்சு ஒடிந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோதுதான் உலகம் இதைத் தீவிரமாகக் கவனிக்கத் தொடங்கியது. மறு ஆண்டே அச்சு ஒடிவதைப் பற்றிக் கட்டுரை எழுதிய ராங்கின், நம்மைவிட இரண்டு மூன்று வயதே மூத்த இளைஞர்! பிறகு வோலர் என்ற ஜெர்மானியப் பொறியாளர், ரயில் அச்சுகளை ஆண்டுக்கணக்கில் சுழற்றிச் சுழற்றிச் சோதித்து விதிகளை வகுத்தார். சுமையைப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால் ஆயுள் பத்தில் ஒரு பங்கு மட்டும் குறைவதில்லை; பாதியாகக்கூடக் குறைந்துவிடலாம். எஃகுக்காவது ஓர் எல்லை உண்டு, அதற்குக் கீழான சுமையில் நெடுங்காலம் நிற்கும். அலுமினியத்துக்கு அந்த எல்லையும் தெளிவாக இல்லை.

மின்சாரக் காரில் இது ஏன் கூடுதல் கவலை தருகிறது? ஒரே பெயரில் பெட்ரோலிலும் மின்சாரத்திலும் விற்கும் கார்களை எடுத்துக்கொண்டால், பேட்டரியினால் மின்சார வண்டி பொதுவாக நூறு கிலோவுக்கு மேல் கனக்கும். மோட்டாரின் முறுக்கு விசையோ தொட்டவுடன் முழுமையாகச் சக்கரத்துக்கு வந்துவிடுகிறது. கூடின எடைக்கும் விசைக்கும் ஏற்பக் கைகளையும் மூட்டுகளையும் செய்தால் தொல்லையில்லை. அப்படிச் செய்தார்களா என்பதே கேள்வி.

இதில் ஒரு வியப்பு இருக்கிறது. ஒடிந்த உலோகம் பேசும்! சோர்வினால் மெல்ல மெல்ல விரிசல் விட்டு ஒடிந்திருந்தால், முறிந்த முகத்தில் ஒரு பகுதி வழவழப்பாக, கடற்கரை மணலில் அலை விட்டுச் சென்ற கோடுகளைப் போல வளைகோடுகளோடு இருக்கும். கடைசியில் பிய்ந்த பகுதி மட்டும் கரடுமுரடாக இருக்கும். ஒரே மோதலில் ஒடிந்திருந்தால் பெரும்பாலும் முகம் முழுதும் கரடாகவே இருக்கும்.

இதை நான் கல்லூரியில் கற்கவில்லை. என் தந்தையார் திண்டிவனத்தில் லாரிப் பட்டறையில் வேலை செய்பவர். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். உடைந்த ஸ்பிரிங் பிளேட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "இந்த ஓரம் கறுத்திருக்கு பாரு, இது பழைய வெடிப்பு. இந்தப் பக்கம் பளபளன்னு இருக்கே, இதுதான் நேத்து ஒடிஞ்சது" என்று அவர் சொல்வதைச் சிறு வயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். வோலரின் வரைபடத்தை வகுப்பில் பார்த்தபோது எனக்கு அப்பாவின் விரல்தான் நினைவுக்கு வந்தது.

சென்ற ஆண்டு எங்கள் தெருவில் ஓர் அண்ணனின் மின்சார ஸ்கூட்டரில் முன்பக்கம் ஒடிந்தது. (மேலே பெயர் சொன்ன நிறுவனங்களின் வண்டி அல்ல அது.) விழுப்புரத்துக்கு வேலைக்குப் போய்வரத் தவணையில் வாங்கியது. முழங்கை முறிந்து இரண்டு மாதம் வேலை இல்லை. தவணை மட்டும் தவறாமல் வந்தது. கடையில், "பள்ளத்துல இறக்கியிருப்பீங்க, வாரண்டி வராது" என்றார்கள். பிறகு மன்றாடியதில் பாதி விலைக்கு மாற்றிக் கொடுத்தார்கள். என் தந்தையார் கேட்ட ஒரே கேள்வி, "ஒடிஞ்ச துண்டு எங்கேப்பா?" என்பதுதான். கடைக்காரர்கள் வைத்துக்கொண்டார்கள். அது போனதோடு சாட்சியும் போயிற்று.

இதனால்தான் சொல்கிறேன்: ஒடிந்த உறுப்பு வாங்கியவனுக்கே சொந்தம் என்று விதி வேண்டும். கம்பெனி பரிசோதிக்க விரும்பினால் ரசீது கொடுத்து எடுத்துக்கொண்டு, முடிவை எழுத்தில் தந்து, பொருளைத் திருப்பித் தரட்டும். பரிசோதனையும் கம்பெனியின் ஆளே செய்வதாக இருந்தால் அது பூனையைப் பாலுக்குக் காவல் வைத்த கதைதான். நம் மாவட்டத்தில் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. ஒடிந்த முகத்தை நுண்ணோக்கியில் பார்த்து இரண்டு பக்க அறிக்கை எழுதுவது அங்குள்ள ஆசிரியர்களுக்குப் பெரிய காரியம் அன்று. விபத்து வழக்குப் பதிவானவுடன் போலீசார் அத்துண்டைக் கைப்பற்றி அங்கே அனுப்பவும், சிறு கட்டணத்தில் பொதுமக்கள் கொண்டுபோய்க் காட்டவும் அரசு ஏற்பாடு செய்யலாம்.

அறிக்கை கையில் இருந்தால் வழியும் உண்டு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருளால் விளைந்த தீங்குக்கு உற்பத்தியாளரிடமே இழப்பீடு கேட்க இடம் தருகிறது. விழுப்புரத்தில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. தேசிய உதவி எண் 1915. அங்கே சொல்லி என்ன ஆகும் என்பவர்கள் ஒன்றை அறிய வேண்டும்: ஓராண்டில் அந்த உதவி மையத்துக்கு வந்த 10,644 புகார்களைக் காட்டித்தான் 2024 அக்டோபரில் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஓலாவுக்கு விளக்கம் கேட்டு அறிவிப்பு அனுப்பியது. சேவைத் தாமதம் முதல் பலவகைப் புகார்கள் அதில் கலந்திருந்தன. பெரும்பாலானவற்றைத் தீர்த்துவிட்டதாக நிறுவனம் பதில் சொன்னது. பதில் சொல்ல வைத்தது அந்த எண்ணிக்கை.

மின்சார வண்டியே வேண்டா என்பது என் கட்சி அன்று. புகையில்லாத வண்டி நம் ஊருக்கு வர வேண்டும். லிட்டருக்கு நூறு ரூபாய் கொடுக்க முடியாதவன்தான் அதை முதலில் வாங்குகிறான். அவனிடம் மாற்று வண்டியும் இல்லை, இரண்டு மாதம் படுத்திருக்கச் சேமிப்பும் இல்லை.

ஒடிந்த உறுப்பைத் திருப்பித் தரும் விதியையும், நம் மாவட்டத்து இரு பொறியியல் கல்லூரிகளில் பரிசோதனை வசதியையும் கோரி மனு ஒன்றை எழுதி வைத்திருக்கிறோம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் அதைக் கொடுக்கப் போகிறோம். கையெழுத்திட விரும்பும் நண்பர்களும் ஆசிரியப் பெருமக்களும் இயற்பியல் ஆய்வகத்துக்கு வரலாம். வீட்டில் ஒடிந்த ஃபோர்க்கோ, அச்சோ, ஸ்பிரிங்கோ கிடந்தால் அதையும் கொண்டு வாருங்கள். துடைக்காமல், எண்ணெய் போடாமல், கிடந்தபடியே கொண்டு வாருங்கள்.