தண்ணி ஒழுகினா கேஸ் போச்சா?



சத்திரம் பேருந்து நிலையம் பக்கத்தில் என் சித்தப்பாவின் குளிர்பானக் கடை. ஸ்ரீரங்கம் போகிற ஒன்றாம் நம்பர் பஸ்ஸுக்கு நிற்பவர்கள்தான் வாடிக்கை. போன சித்திரையில் கடையின் விசிகூலர் அடியில் தண்ணீர் தேங்கி, ஒரு பாட்டி வழுக்கி விழப் பார்த்தார். வந்த மெக்கானிக் "கேஸ் போச்சுண்ணே" என்று 2,000 ரூபாய் வாங்கினார். மறுநாளும் ஒழுகியது.

"நீ படிச்சவன்தானே, என்னன்னு பாருடா" என்றார் சித்தப்பா. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வேப்பர் கம்ப்ரஷன் சைக்கிளைப் படம் போட்டு மார்க் வாங்கத் தெரியும். தண்ணி எந்த வழியாகப் போகும் என்று தெரியாது! வெட்கமாகிவிட்டது.

அது காற்றிலுள்ள ஈரம்தான். கதவைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே புகுந்து, சில்லென்ற காயிலில் பட்டு நீராகிறது. டியூப் வழியே கம்ப்ரசர் பக்கத்து ட்ரேக்கு இறங்கி, சூட்டில் ஆவியாக வேண்டும். அந்த டியூபைப் பாட்டில் லேபிளும் பாசியும் அடைத்திருந்தன. வெந்நீர் விட்டேன், அவ்வளவுதான். கதவு ரப்பரும் கிழிசல். இடுக்கில் வைத்த காகிதம் இழுத்ததும் சும்மா வந்தது. கூலிங் நன்றாக இருக்கையில் கேஸை ஏன் தொட வேண்டும்? வெளியே விட்ட ஆர்-134ஏ, அதே எடை கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும். (மெக்கானிக்கை மட்டும் திட்டிப் பயனில்லை. அவருக்கும் யாரும் சொல்லித் தரவில்லை போலும்.)

என் கோரிக்கை இதுதான்: நம் லேபில் ஒழுகுகிற பழைய கூலர் ஒன்று வேண்டும். படத்துக்கு 10 மார்க் என்றால், அடைப்பைக் கண்டுபிடிப்பதற்கும் 10 மார்க் கொடுங்கள்.

சித்தப்பா புது ரப்பர் வாங்கி வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போய் மாட்ட வேண்டும்.