தடுத்தது கண்ணில் படல, தவறவிட்டது மட்டும் மறக்கல: யார் இந்த மனுவேல் அகான்ஜி?

2024 ஜூலை 6. ஜெர்மனியின் டுசெல்டார்ஃப் நகரம். யூரோ கோப்பை காலிறுதியில் இங்கிலாந்தும் சுவிட்சர்லாந்தும் 120 நிமிடம் ஆடியும் ஸ்கோர் 1-1. இனி பெனால்டி ஷூட்-அவுட்தான்.

இங்கிலாந்தின் முதல் கிக்கை கோல் பால்மர் வலைக்குள் அடித்துவிட்டார். சுவிட்சர்லாந்துக்காக முதலில் நடந்து வந்தவர் ஒரு ஸ்ட்ரைக்கர் இல்லை. தடுப்பாட்டக்காரர் மனுவேல் அகான்ஜி. அவர் அடித்த பந்தை இங்கிலாந்து கோல்கீப்பர் ஜோர்டன் பிக்ஃபோர்ட் இடது பக்கம் பாய்ந்து தடுத்தார். அதன்பிறகு இரண்டு அணியிலும் ஒருவர்கூடத் தவறவிடவில்லை. 5-3 என இங்கிலாந்து அரையிறுதிக்குப் போனது.

ஆட்டம் முடிந்ததும் ஒரு போட்டோ வைரலானது. பிக்ஃபோர்டின் தண்ணீர் பாட்டிலில் ஒட்டியிருந்த ஒரு பட்டியல். சுவிஸ் வீரர்கள் ஒவ்வொருவர் பெயருக்கு நேராகவும் எந்தப் பக்கம் பாய வேண்டும் என்ற குறிப்பு. அகான்ஜி பெயருக்கு நேராக எழுதியிருந்தது: இடது பக்கம் பாய்.

அந்தத் தொடர் முழுக்க சுவிஸ் தடுப்பு அரணின் நடுவில் நின்றவர், கடைசியில் பலருக்கும் நினைவில் இருப்பது அந்த பாட்டில் போட்டோவோடுதான். இது நியாயமா? அந்தக் கேள்விக்குப் போவதற்கு முன், இவர் யார் என்று பார்த்துவிடலாம்.

கணக்கில் புலி

1995 ஜூலை 19 அன்று பிறந்த அகான்ஜி, சூரிக் மாகாணத்தில் வின்டர்தூர் நகருக்குப் பக்கத்தில் இருக்கும் வீசென்டாங்கன் என்ற சிறிய ஊரில் வளர்ந்தவர். அப்பா நைஜீரியாவைச் சேர்ந்தவர், அம்மா சுவிட்சர்லாந்துக்காரர். அக்கா சாரா அகான்ஜியும் கால்பந்து ஆடியவர்தான். 2019-ல் சூரிக் மாகாண சபைக்கு உறுப்பினராகத் தேர்வானவர்.

அகான்ஜிக்கு இன்னொரு பெருமையும் உண்டு. மனக்கணக்கு. இரண்டு இலக்க எண்கள் இரண்டைச் சொல்லிப் பெருக்கச் சொன்னால், கால்குலேட்டரைத் தொடாமல் சில நொடிகளில் விடை சொல்லிவிடுவார். இந்த வீடியோக்கள் பல வருடமாகச் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

உள்ளூர் கிளப்பில் தொடங்கி, வின்டர்தூர் அணிக்காக சுவிஸ் இரண்டாம் டிவிஷனில் ஆடினார். 2015-ல் நாட்டின் பெரிய கிளப்களில் ஒன்றான பாசல் அவரை எடுத்தது. 2016-ல் முழங்கால் லிகமென்ட் கிழிந்தது. பல மாதங்கள் மைதானத்துக்கே வர முடியவில்லை. இருபது வயதில் பல வீரர்களின் கரியரை முடித்துவைத்த காயம் அது.

ஆனா அவர் திரும்பி வந்தார். 2017 ஜூனில் ஃபாரோ தீவுகளுக்கு எதிராக சுவிஸ் தேசிய அணியில் அறிமுகம். அதே ஆண்டு சாம்பியன்ஸ் லீக்கில் பாசல், பென்ஃபிகாவை 5-0 என நொறுக்கியது. மான்செஸ்டர் யுனைடெட்டை 1-0 என வென்றது. 2018 ஜனவரியில் ஜெர்மனியின் பொருசியா டார்ட்மண்ட் 2 கோடி யூரோவுக்கும் மேல் கொடுத்து அவரை வாங்கியது.

டிஃபெண்டரின் வேலைதான் என்ன?

கோல் அடிப்பவரின் வேலை எல்லோருக்கும் தெரியும். தடுப்பவரின் வேலை அவ்வளவு சுலபமாகக் கண்ணில் படாது.

சென்டர்-பேக் என்பவர் கோல்கீப்பருக்கு முன்னால் நடுவில் நிற்கும் தடுப்பாட்டக்காரர். எதிரணி ஸ்ட்ரைக்கர் எங்கே ஓடப்போகிறார் என்று முன்கூட்டியே யோசித்து அந்த இடத்தை அடைப்பது, பக்கத்தில் நிற்பவர் முன்னேறினால் அவர் விட்ட இடத்தைக் காப்பது, ஆஃப்சைட் கோட்டை நான்கு பேரும் ஒன்றாக நகர்த்துவது, பந்தைப் பிடித்ததும் பதறாமல் நடுகளத்துக்கு பாஸ் கொடுப்பது. இதெல்லாம் 90 நிமிடமும் நடக்கும்.

தரையில் சறுக்கி விழுந்து பந்தைப் பறிப்பதைப் பார்த்தால் நமக்குக் கைதட்டத் தோன்றும். ஆனால் பல நேரம் அந்த நிலைமை வருவதே, ஐந்து நொடி முன்பு யாரோ தப்பான இடத்தில் நின்றதால்தான். சரியான இடத்தில் நின்ற டிஃபெண்டரைப் பார்த்து எதிரணி பாஸையே மாற்றிவிடும். அந்தக் காட்சி ஹைலைட்ஸில் வராது. நடக்காமல் போன கோலுக்கு ரீப்ளே கிடையாது.

ஸ்ட்ரைக்கர் ஐந்து வாய்ப்பை வீணடித்துவிட்டு ஆறாவதை கோலாக்கினால் ஹீரோ. டிஃபெண்டர் ஐம்பது முறை சரியாக நின்று ஐம்பத்தோராவது முறை சறுக்கினால், அன்றைக்கு அவர்தான் வில்லன்.

மூன்று இரவுகள்

அகான்ஜியின் சர்வதேச கரியரில் அப்படி மூன்று இரவுகள் உண்டு.

முதலாவது, 2018 ஜூலை 3, ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க். உலகக் கோப்பை நாக்-அவுட் சுற்றில் சுவீடனின் எமில் ஃபோர்ஸ்பெர்க் அடித்த பந்து, குறுக்கே நின்ற அகான்ஜியின் காலில் பட்டுத் திசை மாறி வலைக்குள் போனது. சுவிட்சர்லாந்து 0-1 என வெளியேறியது. பந்தை மறிக்கக் காலை நீட்டியதுதான் அவர் செய்தது.

இரண்டாவது, 2021 ஜூலை 2. அதே செயின்ட் பீட்டர்ஸ்பர்க். அதற்கு நான்கு நாள் முன்புதான் புக்காரெஸ்டில் உலக சாம்பியன் பிரான்ஸை, 3-1 என்ற பின்னடைவிலிருந்து மீண்டு 3-3 ஆக்கி, பெனால்டியில் சுவிட்சர்லாந்து வீழ்த்தியிருந்தது. எம்பாப்பேயின் கிக்கை யான் சோமர் தடுத்த இரவு. அன்று அகான்ஜி தன் பெனால்டியை கோலாக்கினார். காலிறுதியில் ஸ்பெயினுடனும் ஷூட்-அவுட். இம்முறை ஸ்பெயின் கோல்கீப்பர் உனாய் சிமோன் அவருடைய கிக்கைத் தடுத்துவிட்டார். அன்று சுவிட்சர்லாந்துக்காக நான்கு பேர் அடித்ததில் மூன்று பேர் தவறவிட்டார்கள்.

மூன்றாவது, நாம் தொடக்கத்தில் பார்த்த டுசெல்டார்ஃப்.

மனக்கணக்குப் புலிக்கே ஒரு கணக்கு போடலாம். யூரோ கோப்பை ஷூட்-அவுட்களில் அவர் அடித்தது மொத்தம் 3. உள்ளே போனது 1. பொதுவாக பெனால்டிகளில் நான்கில் மூன்று கோலாகும் என்பது கால்பந்தில் தெரிந்த கணக்கு. அப்படிப் பார்த்தால் இவருடையது மோசம்தான். ஆனால் மூன்றே மூன்று கிக்கை வைத்து ஒருவரை எடைபோட முடியுமா? நாணயத்தை மூன்று முறை சுண்டி இரண்டு முறை பூ விழுந்தால், அந்த நாணயமே கோளாறு என்று யாரும் சொல்வதில்லை.

பெஞ்சிலிருந்து இஸ்தான்புல் வரை

இந்த மூன்று இரவுகளுக்கு நடுவில் நடந்ததையும் பார்க்க வேண்டும்.

டார்ட்மண்டுடன் 2021-ல் ஜெர்மன் கோப்பை வென்றார். 2023-ல் முடியவிருந்த ஒப்பந்தத்தை நீட்டிக்க அவர் சம்மதிக்கவில்லை. கிளப் நிக்லஸ் ஸூலே, நிக்கோ ஷ்லோட்டர்பெக் என இரண்டு புதிய டிஃபெண்டர்களை எடுத்துவிட்டது. 2022-23 சீசன் தொடங்கியபோது அகான்ஜிக்கு அணியில் இடமில்லை. நோட்டீஸ் பீரியடில் இருப்பவருக்கு மீட்டிங் அழைப்பு வராமல் போகுமே, கிட்டத்தட்ட அந்த நிலைமை.

இத்தனைக்கும், ஏஜென்ட் இல்லாமல் ஒப்பந்தப் பேச்சில் தானே உட்காரும் வீரர் என்று கால்பந்து வட்டாரத்தில் பெயர் எடுத்தவர் அவர். டிரான்ஸ்ஃபர் காலம் முடியும் கடைசி நாளான 2022 செப்டம்பர் 1 அன்று மான்செஸ்டர் சிட்டி அவரை எடுத்தது. டார்ட்மண்ட் அவருக்குக் கொடுத்த தொகையைவிட அது குறைவு. 'பேக்-அப்புக்கு ஒரு ஆள்' என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

அந்த சீசனின் பின்பாதியில் பயிற்சியாளர் பெப் குவார்டியோலா ஒரு மாற்றம் செய்தார். தடுப்பு வரிசையில் நான்கு பேருமே சென்டர்-பேக்குகள். அவர்களில் ஜான் ஸ்டோன்ஸ், பந்து தன் அணியிடம் இருக்கும்போது நடுகளத்துக்குப் போய் ரோட்ரியுடன் நின்றுகொள்வார். அவர் விட்டுப்போன இடத்தை மற்ற மூவரும் அடைக்க வேண்டும். நடுவிலும் சரி, ஓரத்திலும் சரி, எங்கே நிறுத்தினாலும் ஆடும் ஒருவர் தேவைப்பட்டார். அந்த ஒருவர் அகான்ஜி.

2023 ஜூன் 10, இஸ்தான்புல். சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம், எதிரணி இன்டர் மிலன். 68-வது நிமிடத்தில் பந்துடன் முன்னேறிய அகான்ஜி, பெர்னார்டோ சில்வாவுக்கு ஒரு பாஸ் கொடுத்தார். சில்வா திருப்பி அனுப்பிய பந்து ஒரு இன்டர் வீரர் மீது பட்டுவர, ரோட்ரி அடித்து கோலாக்கினார். 1-0. ஆட்டத்தின் ஒரே கோல். பிரீமியர் லீக், எஃப்.ஏ. கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றையும் ஒரே சீசனில் வென்ற இரண்டாவது இங்கிலாந்து கிளப் ஆனது சிட்டி. 1999-ல் மான்செஸ்டர் யுனைடெட் செய்த பிறகு அதுவரை வேறு யாரும் செய்யாதது.

அந்த கோலைப் பற்றிப் பேசினால் ரோட்ரி பெயர் வரும். சில்வா பெயர் வரும். அதற்கு முந்தைய பாஸ் யார் கொடுத்தது என்று எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

'ரெண்டாவது தடவை ஏன் அவரே?'

டுசெல்டார்ஃபுக்குப் பிறகு கேட்கப்படும் கேள்வி இது. 2021-ல் தவறவிட்டவரை 2024-ல், அதுவும் முதல் கிக்குக்கு ஏன் அனுப்ப வேண்டும்? நியாயமான கேள்விதான். பிக்ஃபோர்டின் பாட்டில் காட்டுவதும் அதையே. எதிரணி ஹோம்வொர்க் செய்துவிட்டு வந்திருந்தது. அகான்ஜி எந்தப் பக்கம் அடிப்பார் என்று கணித்தது, அந்தக் கணிப்பும் பலித்தது. கிக் எடுக்கும் வரிசை சரியா, வேறு பக்கம் அடித்துப் பழகியிருக்க வேண்டாமா என்று கேட்கலாம். அது ஆட்டத்தின் மீதான விமர்சனம். ஆனால் 'இவர் ப்ரெஷர் தாங்கமாட்டார்' என்பது வேறு. அது ஆள் மீது குத்தும் முத்திரை.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள, அன்று எதிரணியில் இருந்த ஒருவரைப் பார்த்தால் போதும். புகாயோ சாகா. 2021 யூரோ இறுதியில் இத்தாலிக்கு எதிராக இங்கிலாந்தின் கடைசி பெனால்டியைத் தவறவிட்டபோது அவருக்கு வயது 19. அவர் மீதும், அதே ஷூட்-அவுட்டில் தவறவிட்ட ராஷ்ஃபோர்ட், சாஞ்சோ மீதும் சமூக வலைதளங்களில் இனவெறி வசை கொட்டப்பட்டது. அதே சாகா, டுசெல்டார்ஃபில் 80-வது நிமிடத்தில் கோல் அடித்து ஆட்டத்தைச் சமனாக்கினார். பிறகு ஷூட்-அவுட்டில் மூன்றாவது ஆளாக வந்து அதையும் கோலாக்கினார்.

சாகாவும் அகான்ஜியும் செய்தது ஒரே காரியம். மூன்று வருடத்துக்கு முன் தோற்ற இடத்தில், பழைய நினைவு இருந்தும், மறுபடி பந்தைக் கையில் எடுத்தார்கள். ஒருவருக்கு உள்ளே போனது, இன்னொருவருக்குப் போகவில்லை. பந்து உள்ளே போன பிறகு ஒருவரைத் துணிச்சல்காரர் என்றும், போகாத பிறகு இன்னொருவரைப் பலவீனமானவர் என்றும் சொன்னால், நாம் ஆளை எடைபோடவில்லை. ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு அதற்கேற்ற காரணத்தைத் தேடுகிறோம். ஒருவர் எடுத்த முடிவு சரியா தவறா என்பதை, அந்த முடிவை எடுத்த நொடியில் அவர் கையில் என்ன இருந்ததோ அதை வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

ஆபீஸில் வேலை பார்க்கும் யாருக்கும் இது புதிதில்லை. வருடம் முழுக்க சர்வர் ஒரு தடவைகூட விழாமல் பார்த்துக்கொண்டவரின் பெயர் மீட்டிங்கில் வராது. ஒரு நாள் இரவு பத்து நிமிடம் விழுந்தால், அந்தப் பத்து நிமிடம் அப்ரைசல் வரை கூடவே வரும். தவறைச் சுட்டிக்காட்டக் கூடாது என்பதில்லை. அந்தப் பத்து நிமிடத்தோடு மீதி வருடத்தையும் சேர்த்து எண்ணினால்தான் அது மதிப்பீடு. அகான்ஜிக்கு நாம் கொடுக்க வேண்டியதும் அந்த நியாயம்தான்.

இப்போது எங்கே?

2025 செப்டம்பரில் அகான்ஜி கடன் ஒப்பந்தத்தில் இன்டர் மிலனுக்குப் போனார். இஸ்தான்புல்லில் யாரை வென்றாரோ, அதே அணி. அங்கே அவருக்குப் பின்னால் கோலில் நின்றவர், புக்காரெஸ்ட் இரவின் ஹீரோ யான் சோமர்.

2026 உலகக் கோப்பைக்கான தகுதிச்சுற்றில் சுவிட்சர்லாந்து ஒரு ஆட்டத்திலும் தோற்காமல் தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. சுவீடன், ஸ்லோவேனியா, கொசோவோ அணிகளுக்கு எதிராக 6 ஆட்டங்கள். அடித்தது 14 கோல். வாங்கியது இரண்டே இரண்டு.

அடித்த 14 கோலையும் யூடியூபில் பார்த்துக்கொள்ளலாம். வாங்காத கோல்களுக்கு வீடியோ எதுவும் இல்லை.