முப்பது நிமிடத்தில் ஏழு பாட்டு

“ஏழு பாட்டு ஒரு பக்கத்துல அடங்காது தம்பி. ஆறோட நிப்பாட்டிக்க.”

“அடங்கும்ணே.”

“அடங்கலேன்னா என்னையச் சொல்லப்படாது.”

சின்னமனூரில், 1983 கடைசியில், ஒரு கேசட் கடையில் நடந்த பேச்சு இது. அறுபது நிமிட டி.டி.கே. கேசட், பக்கத்துக்கு முப்பது நிமிடம். கோடு போட்ட நோட்டுத்தாளில் ஏழு பாட்டை எழுதி நீட்டியிருந்தேன். பிடித்ததில் கடைசியை முதலில் எழுதி, உச்சத்தைக் கடைசியில் வைத்திருந்தேன். பாயசத்தை இலையில் கடைசியாகத்தானே ஊற்றுகிறார்கள்!

ஏழாவது, மண்வாசனையின் ‘பொத்தி வச்ச மல்லிக மொட்டு’. அந்த வருஷம் எந்தச் சடங்கு வீட்டில் ரேடியோ செட் கட்டினாலும் குழாயில் அதுதான். ஆடி மாதமானால் காற்று மேற்கு மலையிலிருந்து இறங்கி வரும். பக்கத்து ஊர்க் குழாயில் ஓடும் பாட்டைப் பாதி கொண்டுவரும், பாதியை வழியில் போட்டுவிடும். எங்களுக்கு மேற்கே இருப்பது பண்ணைப்புரம். அங்கே பிறந்த இளையராஜா போட்ட பாட்டு அங்கிருந்து வரும் காற்றிலேயே வந்தது என்று கதை கட்டலாம். ஆனால் குழாய் பெரும்பாலும் சீலையம்பட்டிப் பக்கம்தான் கட்டியிருப்பார்கள்.

ஆறாவது, கல்லுக்குள் ஈரத்தின் ‘சிறு பொன்மணி அசையும்’. 1980. இசையமைத்தவரே ஜானகியோடு பாடியது, தம்பி கங்கை அமரன் எழுதியது. ஐந்தாவது, அதே தம்பி முதன்முதலாக இயக்கிய கோழி கூவுதுவில் இருந்து ‘ஏதோ மோகம்’. இந்த இரண்டையும் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கேட்டால் இன்றைக்கும் பிடிக்கும், அவ்வளவுதான்.

வெளியூர்க்காரர்கள் இளையராஜா என்றதும் வயல், வரப்பு, தெம்மாங்கு என்று ஆரம்பித்துவிடுவார்கள். கம்பம் பள்ளத்தாக்குக்காரனிடமே அதைச் சொல்லும்போது கொஞ்சம் எரிச்சல் வரும். மண் எங்கள் வாசலிலேயே கிடந்தது. இருபோகம் நெல், திராட்சைப் பந்தல், விடியுமுன் ஏலத்தோட்டத்துக்குக் கிளம்பும் ஆட்கள். இதையெல்லாம் பாட்டு வேறு வந்து காட்ட வேண்டுமா? எங்களுக்கு வேண்டியிருந்தது கிடாரும் வயலின் கூட்டமும். பட்டியலில் ஊர்ப்பாட்டெல்லாம் கீழே கிடப்பது அதனால்தான்.

நான்காவது, பன்னீர் புஷ்பங்களின் ‘ஆனந்த ராகம்’. 1981. ஊட்டிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் கதை. நாங்களோ காக்கி டவுசரில் புளிய மரத்தடியில் உட்கார்ந்து படித்தவர்கள். ஆரம்பத்தில் வயலின்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஏறும். அது சிம்மேந்திரமத்தியமம் என்று இருபது வருஷம் கழித்து ஒருவர் சொல்லித்தான் தெரியும். அன்றைக்கு அது எங்களுக்கு ஸ்வெட்டர் போட்டவர்களின் சங்கீதம். உமா ரமணனின் குரலில் அழுத்தம் கிடையாது, அலட்டல் கிடையாது. அந்த வேகத்துக்கு நடுவில் அவர் பாட்டுக்கு நிதானமாகப் போய்க்கொண்டிருப்பார். 2024 மே மாதம் அவர் மறைந்த செய்தி வந்த அன்று இதைப் போடத் துணியவில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் கேட்டேன்.

மூன்றாவது, நிழல்களின் ‘இது ஒரு பொன்மாலைப் பொழுது’. 1980. வைரமுத்துவின் முதல் பாட்டு. இயக்கியவர் அல்லிநகரம், இசை பண்ணைப்புரம், எழுதியவர் வடுகபட்டி. பஸ் பிடித்தால் ஒரு காலைப் பொழுதில் மூன்று ஊரையும் பார்த்துவிட்டு வரலாம். தேனி அப்போது தனி மாவட்டம்கூட இல்லை, மதுரை மாவட்டத்தின் மேற்குக் கோடி. இத்தனை இருந்தும் படம் ஓடவில்லை. பாட்டு மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இரண்டாவதில்தான் கடை அண்ணனோடு தகராறு. மூடுபனியின் ‘என் இனிய பொன் நிலாவே’. 1980-ல் வந்த, இளையராஜாவின் நூறாவது படம். பிரதாப் போத்தன் கிடாரோடு உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் ஷோபா, குரல் ஜேசுதாஸ். “பயணங்கள் முடிவதில்லை படத்து ‘இளைய நிலா’வைப் போடு தம்பி, கிடார்னா அதுதான்” என்றார் அண்ணன். எனக்கு அது ஆளைப் பார்த்து வாசிப்பதுபோல் இருந்தது. மூடுபனிக் கிடார் யாரும் பார்க்காதபோது வாசிப்பது. அதற்கப்புறம் எங்கள் தெருவில் ஒருவன் தேக்குப் பலகையில் கிடார் செய்யப் புறப்பட்டு, சைக்கிள் பிரேக் கம்பியைக் கட்டி, விரலை அறுத்துக்கொண்டு திரும்பினான்.

முதலாவது, ‘புத்தம் புது காலை’. ஜானகி பாடியது, எழுதியது கங்கை அமரன். 1981-ல் அலைகள் ஓய்வதில்லை இசைத்தட்டில் இருந்தது, படத்தில் இல்லை. உத்தமபாளையம் கொட்டகையில் முழுப் படத்தையும் பார்த்தோம், இந்தப் பாட்டு மட்டும் வரவில்லை. ஆபரேட்டர் ரீலை வெட்டிவிட்டதாகச் சத்தம் போட்டவர்களில் நானும் ஒருவன். காட்சியே இல்லாததால் அந்தப் பாட்டுக்குக் கதாநாயகி கிடையாது, கடற்கரை கிடையாது. முல்லையாற்றுப் பாலத்தில் காலை ஆறு மணிக்கு எழும் பனிப்புகையையும், அந்நேரம் டியூஷனுக்குச் சைக்கிளில் போகும் ஒரு பச்சைத் தாவணியையும் நானே அதில் போட்டுக்கொண்டேன். 2014-ல் மேகா படத்தில் அதை மறுபடி எடுத்துப் படமாக்கினார்கள். நான் பார்க்கவில்லை. தாவணியை யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயம்தான்.

கேசட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டேன். அண்ணன் சொன்னதுதான் நடந்தது. ஆறு பாட்டு முழுசாக ஓடியது. கடைசியாக வைத்த ‘புத்தம் புது காலை’யில் இரண்டாம் சரணம் தொடங்கி, ஜானகி ஒரு வார்த்தையின் நடுவில் இருக்கும்போது, டக். டேப் முடிந்துவிட்டது. காசில்லாமல் இரண்டு வருஷம் அப்படியேதான் கேட்டேன்.

இப்போது போனில் முழுப் பாட்டும் இருக்கிறது. அந்த வார்த்தை வரும்போது மட்டும் காது ஒரு கணம் நின்றுவிடுகிறது, டக் என்ற சத்தத்துக்காக.