சர்வீஸ் விட்ட வண்டியும் பனம்பழமும்

நான் படிப்பது பி.காம். எனக்கும் இஞ்சினுக்கும் உள்ள சம்பந்தம், பெட்ரோல் பில்லை 'வாகனச் செலவு' என்று பேரேட்டில் எழுதுவதோடு சரி. ஆனாலும் போன மாதம் எங்கள் வீட்டு வண்டி நடத்திய பாடத்தை எழுதாமல் இருக்க முடியவில்லை. மெக்கானிக்கல் படிக்கும் நண்பர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவும்.

அப்பா பனியன் கம்பெனிகளுக்கு எலாஸ்டிக், லேபிள் சப்ளை செய்பவர். ராயபுரத்தில் வீடு, தொழில் எல்லாம் அந்தப் பழைய பெட்ரோல் காரில்தான். மூன்று சிலிண்டர் வண்டி. ஒரு குறையும் இல்லை. கிலோமீட்டர் ஆகிவிட்டதே என்று சர்வீஸுக்கு விட்டார். மறுநாள் காலை புஷ்பா ரவுண்டானாவில் நிற்கும்போது வண்டி கிடுகிடுவென்று ஆட ஆரம்பித்தது. இழுவை இல்லை. மீட்டரில் மஞ்சள் நிற இஞ்சின் விளக்கு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

பட்டறைக்குப் போன் போட்டால், "பழைய வண்டிங்க, பெட்ரோல் பம்ப் போயிருக்கும். 11,000 ரூபாய் ஆகும், கொண்டாந்து விடுங்க" என்று பதில். வண்டியைப் பார்க்காமலே!

அப்பாவுக்கு வந்ததே கோபம். "நல்லா இருந்த வண்டியக் கெடுத்து உட்டுட்டானுக. ஒரிஜினல் பார்ட்டக் கழட்டிட்டு டூப்ளிகேட் மாட்டிருப்பானுக" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். எனக்குத்தான் தர்மசங்கடம். எங்கள் வண்டிக்கு வேலை பார்த்தவன் பத்தாவது வரை என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். முதலாளியிடம் திருட்டுப் பட்டம் கட்டினால் அவன் வேலை அன்றைக்கே போய்விடும்.

எதிர்வீட்டு மாமா நிட்டிங் மிஷின் ஃபிட்டர். சத்தம் கேட்டு வந்தவர் சொன்னது இதுதான்: "ஊசி மாத்துன அன்னிக்குத் துணியில கோடு விழுந்தா நூலையா குத்தம் சொல்லுவோம்? மாத்துன ஊசியத்தான மொதல்ல பாப்போம். நேத்து என்னென்னத்தக் கழட்டுனாங்கன்னு கேளு கண்ணு."

பில்லை எடுத்துப் பார்த்தேன். 'ஜெனரல் சர்வீஸ்' என்று ஒரே வரி. நண்பனுக்குப் போன் போட்டேன். ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், மூன்று ஸ்பார்க் பிளக் என்று ஒப்பித்தான். எங்கள் வண்டியில் பிளக்கை எடுக்க வேண்டுமென்றால், ஒவ்வொன்றின் தலையிலும் உட்கார்ந்திருக்கும் இக்னிஷன் காயிலைக் கழற்றியாக வேண்டும். இஞ்சினை ஆஃப் செய்துவிட்டு அவன் சொன்ன இடத்தைப் பார்த்தோம். நடு காயிலின் கனெக்டர் பார்வைக்கு மாட்டினது போலத்தான் இருந்தது, ஆனால் லாக் விழவில்லை. மாமா விரலால் அழுத்தினார். 'டக்'. வண்டியை ஸ்டார்ட் செய்தால் ஆட்டம் போயே போச்சு. செலவு பூஜ்யம்.

நிற்க. இதில் என் கட்சி என்னவென்றால், சர்வீஸுக்குப் பிறகு வரும் கோளாறுக்கு முதல் சந்தேகம் கடைசியாகக் கை பட்ட இடத்தின் மேல்தான் இருக்க வேண்டும். புதுப் பார்ட் வாங்குவது அதற்கப்புறம்.

இதை நாங்கள் வகுப்பில் தினமும் செய்கிறோம். நேற்று வரை சரியாக இருந்த இருப்பாய்வு இன்றைக்கு டேலி ஆகவில்லையா? இன்று போட்ட பதிவுகளைத்தான் முதலில் புரட்டுவோம். வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் தள்ளிவிடுவது கடைசி வழி. வண்டியைப் பார்க்காமலே 'பெட்ரோல் பம்பை மாற்று' என்பது, ஒரு பதிவையும் புரட்டாமல் அனாமத்தில் எழுதுகிற வேலை.

இது நம்ம ஊர்ப் பட்டறையில் மட்டும் நடக்கும் கதை இல்லை. இரண்டாம் உலகப் போரில், நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடிப்போன பிரிட்டிஷ் விமானங்களுக்கு 50 மணி நேரம் பறந்ததும் ஒரு பராமரிப்பு உண்டு. வாடிங்டன் என்ற உயிரியல் விஞ்ஞானியின் குழு பழுதுக் கணக்கை எடுத்துப் பார்த்தது. பராமரிப்பு முடிந்த உடனேதான் பழுதுகள் அதிகம். பறக்கப் பறக்கக் குறைந்துகொண்டே வந்தன! நன்றாக ஓடிக்கொண்டிருந்ததைத் தேவையில்லாமல் கழற்றி மாட்டுவதே கோளாறைக் கொண்டுவருகிறது என்று முடிவு கட்டி, இடைவெளியை நீட்டினார்கள். விமானங்கள் பறக்கும் நேரம் கூடியது. 1973ல் புத்தகமாகவும் வந்தது. அதற்காக ஆயில் மாற்றாமல் ஓட்டுங்கள் என்று சொல்லவில்லை. சர்வீஸ் முடிந்த முதல் சில நாட்கள் நிம்மதியாக இருக்கும் நாட்கள் இல்லை, கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டிய நாட்கள் என்கிறேன்.

"காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதையா இருந்தா?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். பழைய வண்டி, பம்ப் தானாகவே அன்றைக்குப் போயிருக்கலாம். ஆனால் காக்கா உட்கார்ந்த மட்டையைப் பார்க்க ஐந்து நிமிடம், காசு கிடையாது. பம்ப் மாற்ற 11,000 ரூபாய். எதை முதலில் செய்வது என்று சொல்ல பி.காம் கூடத் தேவையில்லை :-)

நான் கேட்டுத் தெரிந்துகொண்ட வரையில்:

பிளக் மாற்றியபின் வண்டி ஆடினால் காயில், வயர், கனெக்டர் பாருங்கள். விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் அப்படியே ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் போய் சைலன்சர் வரிசையில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும். அதன் விலை பம்பைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

ஏர் ஃபில்டர் மாற்றியபின் விசில் சத்தமோ, ஐடிலிங்கில் ஏற்ற இறக்கமோ வந்தால் பெட்டியின் கிளிப்பும் ஹோஸ் கிளாம்பும்.

ஆயில் மாற்றியபின் தரையில் சொட்டினால் டிரெயின் போல்ட், அல்லது பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இஞ்சினிலேயே ஒட்டியிருக்க அதன்மேல் புதுசை மாட்டியிருப்பார்கள். சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே இஞ்சினை நிறுத்துங்கள்.

டீசல் டெம்போவில் ஃபில்டர் மாற்றியபின் ஸ்டார்ட் ஆகி நின்றுபோனால் பெரும்பாலும் லைனில் ஏர் இருக்கும். பம்ப் அடித்து ஏர் எடுத்தால் சரியாகிவிடும்.

பேட்டரியைக் கழற்றி மாட்டினால் ஐடிலிங் கொஞ்ச நேரம் ஒரு மாதிரி இருக்கும். சில கிலோமீட்டரில் அதுவே அடங்கிவிடும்.

இனி பட்டறைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 'ஜெனரல் சர்வீஸ்' என்று ஒரு வரி எழுதுவதை விடுங்கள். எதைக் கழற்றினோம், எதை மாற்றினோம் என்று எழுதுங்கள், பழைய பார்ட்டைக் கையில் கொடுங்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கொடுத்த சேவைக்கு பில் தராததே நேர்மையற்ற வணிக நடைமுறை. ஒரு வரி பில் சட்டத்துக்குப் போதலாம், கோளாறு கண்டுபிடிக்கப் போதாது. அந்தப் பட்டியல் வாடிக்கையாளரை மட்டும் காப்பாற்றாது, உங்கள் பையனையும் காப்பாற்றும்.

அன்று சாயங்காலம் நண்பனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஒரு நாளைக்கு எட்டு வண்டிடா. ஓட்டிப் பாக்க டைம் குடுக்க மாட்டேங்கறாங்க" என்றான். தப்பு அவனுடையதுதான், அவனே ஒத்துக்கொண்டான். ஆனால் ஓட்டிப் பார்க்கப் பத்து நிமிடம் கொடுத்திருந்தால் அந்தத் தப்பு பட்டறை வாசலைத் தாண்டியிருக்காது. டெலிவரி அவசரத்தில் செக்கிங்கைக் குறைத்தால் சரக்கு திரும்பி வரும் என்பது திருப்பூரில் யாருக்குத் தெரியாது?

அப்பா பட்டறைக்குப் போகவில்லை. அடுத்த சர்வீஸுக்கும் அவனிடமேதான் விடப்போகிறாராம். ஒரே ஒரு நிபந்தனை: சாவியை வாங்குவதற்கு முன்னால் அவனையும் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்ப்பாராம்.

நீங்களும் அதைச் செய்யுங்கள்.