இணைப்பு செய்த குற்றமா?

"அண்ணே, அஃபிலியேட் இணைப்பு போட்டதால்தான் கூகுள் என் தளத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது" என்று புலம்பினான் சித்தப்பா மகன். சமையலறைச் சாதனங்களைப் பற்றி எழுதுகிறான். வாசகர் அந்த இணைப்பு வழியாகப் பொருள் வாங்கினால் இவனுக்குக் கொஞ்சம் கமிஷன். அந்த வருமானம் சுருங்கிப்போனதில், எல்லா இணைப்புகளையும் நீக்கிவிடத் துணிந்துவிட்டான்.

"பொறு தம்பி" என்றேன். இணைப்பு இருப்பதற்காக மட்டும் கூகுள் ஒரு தளத்தைத் தண்டிப்பதில்லை. ஆனால், காசு தரும் இணைப்பை நற்சான்றாகக் கணக்கில் எடுக்கவேண்டாம் எனத் தேடுபொறிக்குச் சொல்லவேண்டும். அதற்குத்தான் 'நோஃபாலோ' என்ற குறியீடும், 2019இல் வந்த 'ஸ்பான்சர்ட்' குறியீடும். இரண்டில் ஒன்று போதும். குறியீடு வாசகர் கண்ணில் படாது. அதனால் கமிஷன் உண்டு என்பதை அவருக்குத் தனியாக ஒரு வரியில் சொல்லிவிடுவது முறை.

பிறகு அவன் பக்கங்களைத் திறந்தேன். கிரைண்டர் பற்றிய விளக்கம், கடைக்காரர் எழுதியது அப்படியே இருந்தது. சொந்தச் சரக்கில்லாத இத்தகைய பக்கங்களைத்தான் கூகுள் ஒதுக்குகிறது.

"இதில் மாவு அரைத்திருக்கிறாயா?"

"இல்லை அண்ணே."

வீட்டுக் கிரைண்டரிலிருந்து தொடங்கச் சொன்னேன். உளுந்து அரைபட எவ்வளவு நேரம், சத்தம் எப்படி, கழுவ எளிதா என்று அவனே பார்த்து எழுதினான். 'கல்லைத் தூக்க அம்மா சிரமப்படுகிறார்' என்ற குறையையும் சேர்த்தான். இணைப்பை நீக்கவில்லை, குறியீட்டோடு கீழே வைத்திருக்கிறான்.

பழைய இடம் திரும்புமா என்று கேட்கிறான். அதற்கு நான் உறுதி தரவில்லை. மற்ற பக்கங்களையும் இப்படியே திருத்தச் சொல்லியிருக்கிறேன்.